‘இலவசப் பயிற்சி, வேலை உறுதி’ என்று கூப்பிடுகிறார்கள், தம்பியைச் சேர்க்கலாமா?

கேள்வி இது: “தம்பிக்கு 21 வயது. பிளஸ் டூ முடித்தான். பி.காம். இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டான். ஊர் திண்டிவனம் பக்கம். அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் திறன் பயிற்சி என்று சொல்லி ஒரு மையத்திலிருந்து வீடு வீடாக வந்து ஆள் சேர்க்கிறார்கள். மூன்று மாதம், தங்குவதும் சாப்பாடும் இலவசம், முடித்தால் வேலை உறுதி என்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா? இந்தப் பயிற்சிகளில் நிஜமாகவே வேலை கிடைக்கிறதா?”

மையத்தை நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். பார்த்துத் திருப்தியானால் சேர்க்கலாம். ஆனால் 21 வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். நான் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் பல வருடம் இருந்தவன். இப்படிப்பட்ட மையங்களில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். எந்தத் திட்டமாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “பையனுக்கு வேலை கிடைக்காமல் போனால் இவர்களில் யாருக்கு நஷ்டம்?” என்பதைத்தான். பயிற்சியின் தரம், இயந்திரம், சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இலவசம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. பணம் அரசிடமிருந்து வருகிறது. இது எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், இல்லையென்றால் வீட்டு வாசலுக்கு ஏன் ஆள் வருகிறார்கள் என்பது புரியாது.

2008இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. என்.எஸ்.டி.சி. என்பார்கள். அரசு–தனியார் கூட்டு என்பது அதன் பங்கு அமைப்பிலேயே இருக்கிறது: மத்திய அரசுக்கு 49 சதவீதம், தனியார் தொழில் அமைப்புகளுக்கு 51 சதவீதம். 2022க்குள் 15 கோடிப் பேருக்குப் பயிற்சி என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. அதன்பின் 2014இல் திறன் மேம்பாட்டுக்குத் தனி அமைச்சகம் வந்தது, 2015இல் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2016 முதல் 2020 வரை, 12,000 கோடி ரூபாயில் ஒரு கோடிப் பேர் என்று அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையை அரசு ஐ.டி.ஐ.க்களை, அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களை, வைத்து எட்ட முடியாது. அதனால் தனியாரை அழைத்தார்கள். அதில் தப்பில்லை. எந்தத் தனியார் வந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லேத் ஓட்டத் தெரிந்த ஆள் தேவைப்படுகிற தொழிற்சாலைக்காரர்கள் வந்தது குறைவு. பயிற்சி நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் வந்ததுதான் அதிகம். இரண்டு பேரும் தனியார்தான், இரண்டுமே காகிதத்தில் கூட்டு முயற்சிதான். ஆனால் முதல் ஆளுக்குப் பயிற்சி சரியில்லையென்றால் அவருடைய உற்பத்தி கெடும். இரண்டாவது ஆளுக்கு அரசிடமிருந்து வர வேண்டிய தவணை வந்துவிட்டால் போதும்.

அந்தத் தவணைக் கணக்கைப் பாருங்கள். அந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு மாணவருக்கான பயிற்சிக் கட்டணம் மூன்றாகப் பிரித்துத் தரப்பட்டது. பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியதும் 50 சதவீதம், வேலையில் சேர்ந்தது உறுதியான பிறகு 20 சதவீதம். அதாவது பையன் வேலைக்கே போகாவிட்டாலும் 80 சதவீதம் மையத்துக்கு வந்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, சம்பளச் சீட்டு வாங்கிப் பதிவேற்றி, பையன் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, அடுத்த பேட்சுக்கு ஆள் பிடிப்பது லாபம். மையம் நடத்துகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். உங்கள் வீட்டு வாசலுக்கு ஆள் வந்தது இப்படித்தான். அவருக்கு ‘மொபிலைசர்’ என்று பெயர். பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்.

ஒரு மையத்தை நான் நேரில் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில், மாடியில் வாடகைக்கு எடுத்த இடம். கீழே ஜவுளிக்கடை. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், உள்ளே நுழைந்ததும் விரல்ரேகை வைக்கும் கருவி, மேலே கேமரா. இந்த இரண்டும் நல்ல நிலைமையில் இருந்தன, ஏனென்றால் வருகைப்பதிவு இல்லாமல் பணம் வராது. வெல்டிங் பயிற்சி என்று போட்டிருந்தது. வெல்டிங் செட் ஒன்று மூலையில் இருந்தது. பக்கத்தில் இருந்த ராடு பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை. முகக்கவசக் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தீற்றல்கூடக் கிடையாது. நாலு நாள் வெல்டிங் நடந்திருந்தாலே அந்தக் கண்ணாடி புள்ளி புள்ளியாகிவிடும். பிள்ளைகள் ஒரு ஹாலில் உட்கார்ந்து புரொஜெக்டரில் வெல்டிங் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பிள்ளைகளில் ஒருவன் அப்புறம் எங்களிடம் நேர்முகத் தேர்வுக்கு வந்தான். பேச்சு நன்றாக இருந்தது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆங்கிலம் மனப்பாடம். ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்து நேராக ஒரு வெல்டிங் கோடு போடச் சொன்னால் ராடு ஒட்டிக்கொண்டு கை நடுங்கியது. பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எல்லா மையமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நன்றாக நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்லவர், மற்றவர் இரண்டு பேருக்கும் ஒரே தொகை, ஒரே தவணை என்னும்போது நல்லவர் எத்தனை நாள் தாங்குவார்?

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. மத்திய அரசே அமைத்த, சாரதா பிரசாத் தலைமையிலான குழு 2016லேயே இந்த அமைப்பைக் கடுமையாக விமர்சித்தது. பயிற்சித் தரத்தை நிர்ணயிப்பது, மையங்களுக்கு ஒப்புதல் தருவது, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது என்று எல்லாமே ஒவ்வொரு தொழில்துறைக்கும் ஒன்று என்று இருக்கும் துறைத் திறன் கவுன்சில்கள் கையில் இருந்ததையும், அதில் நலன்கள் முரண்படுவதையும் அது சுட்டிக்காட்டியது. அப்புறம் 2015 முதல் 2022 வரையான காலத்தை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயனாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுடைய வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியமோ வெற்றிடமோதான் இருந்தது என்கிறது அது. ஒரே புகைப்படத்தைப் பல பேருக்குப் போட்ட கதையும் அதில் உண்டு. குறுகிய காலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனதாகக் கணக்குக் காட்டப்பட்டவர்கள் சுமார் 41 சதவீதம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில் என்றால் இந்த எண்தான். அதுவும் வேலையில் சேர்ந்ததாகக் காட்டிய கணக்கு. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

சரி, ஐ.டி.ஐ. பக்கம் வருவோம். அங்கேயும் கூட்டு முயற்சி பழசுதான். 2007–08இல் நாடு முழுக்க 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தனியார் கூட்டுடன் தரம் உயர்த்த ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் ஒரு நிர்வாகக் குழு. ஐ.எம்.சி. என்பார்கள். தலைவர் ஒரு தொழில் நிறுவனத்தைச் சேர்ந்தவர், முதல்வர் செயலாளர். குழுவுக்கு மத்திய அரசு இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தரும். முதல் பத்து வருடம் திருப்பித் தர வேண்டாம், அதன்பின் இருபது வருடத் தவணை. 20 சதவீத மாணவர் இடங்களை நிரப்பும் உரிமையும் குழுவுக்கு உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், பல இடங்களில் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பயத்தில் முதல்வர்கள் கை வைக்கவில்லை. தலைவராக இருந்த தொழிலதிபர் வருடத்துக்கு ஒன்றிரண்டு கூட்டத்துக்கு வந்தார், பல நேரம் மேனேஜரை அனுப்பினார். அவர் தன் காசு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. ஐ.டி.ஐ. நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் கம்பெனிக்கு ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் சொன்னேனே, யாருக்கு நஷ்டம் என்று, அதற்கு இங்கே கிடைக்கும் பதில் ‘யாருக்கும் இல்லை’ என்பதுதான். விதிவிலக்காக ஜொலித்த சில ஐ.டி.ஐ.க்கள் உண்டு. அங்கெல்லாம் பக்கத்திலிருந்த தொழிற்சாலைக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பது அடுத்த சுற்று. 2022இல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் மாநில அரசு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877.43 கோடி ரூபாய்த் திட்டத்தில் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றியது. சி.என்.சி. (கணினி ஓட்டும் இயந்திரம்), ரோபாட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் போன்ற புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன. அந்தக் கூடங்களைப் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நான் படித்த காலத்தில் ஒரு லேத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்போம். இயந்திரம் வந்துவிட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் இயந்திரத்தைவிடப் பயிற்றுநர்தான் அரிதான சரக்கு. ஒரு நல்ல சி.என்.சி. புரோகிராமருக்குத் தொழிற்சாலை தருகிற சம்பளத்தை ஒப்பந்தப் பயிற்றுநருக்குத் தராவிட்டால் அவர் ஏன் இங்கே நிற்கப்போகிறார்? சேர்வதற்கு முன் அதை விசாரியுங்கள்.

மத்திய அரசும் இதே பாதையில் 2025 மே மாதம் 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஆயிரம் அரசு ஐ.டி.ஐ.க்கள். 30,000 கோடி மத்திய அரசு, 20,000 கோடி மாநிலங்கள், 10,000 கோடி தொழில் நிறுவனங்கள். இந்த முறை தொழில் நிறுவனமும் பணம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2007இல் கற்ற பாடம் அது. நடைமுறையில் பணமாகப் போடுகிறார்களா, பழைய இயந்திரத்தையும் மென்பொருள் உரிமத்தையும் விலை போட்டுக் கணக்கில் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் சந்தேகப்பேர்வழி நான், விட்டுவிடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் ஏன் இதில் தானாக இறங்குவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். ‘திறனுள்ள ஆள் கிடைப்பதில்லை’ என்று மேடைதோறும் சொல்கிறவர்கள்தானே. எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். அசெம்பிளி லைனுக்கு ஆள் வேண்டும் என்றால் கான்ட்ராக்டருக்கு ஒரு போன். மறுநாள் காலை ஷிப்டுக்கு வேன் வந்துவிடும். மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிற பையனும், ஒன்றுமே படிக்காத பையனும் அந்த லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு மூன்று மாதப் பயிற்சி எதற்கு? அதே நேரத்தில் அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல் ரூமுக்கு ஒரு டை ஃபிட்டர் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் தேட வேண்டும், அதற்கு மூன்று மாதப் பயிற்சி போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான இலவசப் பயிற்சிகள் அந்தரத்தில் நிற்கின்றன. 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையின் கணக்குப்படி, 15 முதல் 29 வயதுள்ளவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், முறைசாரா வழிகளில் கற்றவர்கள் 16.6 சதவீதம். பட்டறையில் நின்று, அண்ணனிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான் இன்னும் அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தொழிற்சாலையே பயிற்சி தந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று நடந்தது நினைவிருக்கும். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் வைத்து, நிரந்தரத் தொழிலாளி செய்கிற வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்கினார்கள். நடுவிலேயே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனது. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் ‘நீம்’ திட்டமும் அப்படித்தான் தேய்ந்தது. பயிற்சியாளர் என்று எடுத்து லைனில் நிறுத்தினார்கள், தொழிலாளர் சட்டம் எதுவும் பொருந்தாது, காலம் முடிந்ததும் அடுத்த பேட்ச். அந்த விதிமுறைகள் பின்னால் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே ‘பயிற்சி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த வேலையில், எத்தனை மாதம், அதற்கப்புறம் என்ன என்று கேட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், என் அனுபவத்தில் வேலைக்கு மிக அருகில் கொண்டுபோய் விடுகிற வழி அப்ரண்டிஸ்தான். தமிழில் ‘தொழில் பழகுநர்’. 1961ஆம் ஆண்டின் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த ஆள் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 2014 திருத்தத்துக்குப் பிறகு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மட்டுமில்லாமல் கடை, ஹோட்டல், கிடங்கு, அலுவலகம் என்று பல பிரிவுகளிலும் எடுக்கலாம் என்று ஆனது. 2019இல் திருத்திய விதிப்படி உதவித்தொகை படிப்பைப் பொறுத்துக் குறைந்தது மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். 2016 முதல் இந்தத் தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு பங்காகத் தருகிறது. மீதி கம்பெனியின் பணம். தன் காசு போகிறது என்பதால் சூப்பர்வைசர் பையனைச் சும்மா உட்காரவைக்க மாட்டார்.

இதிலும் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. பி.எஃப். கிடையாது. முடித்ததும் அதே கம்பெனி வேலை தர வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனால் ஒரு வருடம் நிஜமான ஷாப் ஃப்ளோரில் நின்ற கை வேறு மாதிரி இருக்கும். எங்களிடம் வந்தவர்களில் அப்ரண்டிஸ் முடித்தவனைக் கண்டுபிடிக்க ஃபைலைப் பிரிக்க வேண்டியதில்லை. வெர்னியர் என்கிற அளவுக் கருவியைக் கையில் கொடுத்தால் போதும், பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். ஜெர்மனியில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கம்பெனி பையனைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடும், அப்புறம்தான் அவன் பள்ளிக்கும் போவான், வாரத்தில் பெரும்பாலான நாள் தொழிற்சாலையில். இங்கேயும் சில ஐ.டி.ஐ.க்களில் ‘இருமுறைப் பயிற்சி’ என்று அதை வைத்திருக்கிறார்கள். அது இருக்கிற பிரிவு கிடைத்தால் விடாதீர்கள்.

நிறுவனமே முழுச் செலவையும் ஏற்று நடத்தும் பள்ளிகளும் உண்டு. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் ஒன்று. கம்பி கட்டுதல், ஷட்டரிங் தச்சு, கொத்து வேலை, மின் வேலை எல்லாம் அங்கே சொல்லித்தருகிறார்கள். பயிற்சி முடித்தவர்களை அவர்களுடைய தளங்களுக்கே அனுப்புகிறார்கள். வெயிலில் நிற்கிற வேலை, ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதால் நம் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். எனக்கு என்னவோ, ஏ.சி. ஹாலில் மூன்று மாதம் சில்லறை விற்பனைப் பயிற்சி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பதைவிட இது மேல் என்று தோன்றும்.

சம்பள வேலையே வேண்டாம், ஊரிலேயே ஏதாவது செய்கிறேன் என்று தம்பி சொன்னால், ‘ஆர்செட்டி’ என்கிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைப் பாருங்கள். ஆச்சரியமாக, இந்தக் கூட்டு முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய ஒரு நிலையம்தான் முன்மாதிரி. பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க வைத்தார்கள். நிலத்தை மாநில அரசு தரும், கட்டடத்துக்கு மத்திய அரசு உதவும், நடத்துவது அந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி. பைக் மெக்கானிக், செல்போன் சர்வீஸ், சிசிடிவி பொருத்துதல், ஆரி வேலை, மாடு வளர்ப்பு என்று பத்து நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரை நடக்கும். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், 18 வயது ஆகியிருக்க வேண்டும். முடித்த பிறகும் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிப்பார்கள், கடனுக்கும் வழி காட்டுவார்கள். வங்கி ஏன் இதில் அக்கறையாக இருக்கிறது? நாளைக்குக் கடன் கொடுக்கப்போவது அதே வங்கிதான். பையனுக்குத் தொழில் ஓடவில்லை என்றால் கடன் வாராக்கடனாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த மையம். தங்குமிடம், சாப்பாடு, கிராமப்புற இளைஞர் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஊரக வளர்ச்சித் துறையின் தீன்தயாள் உபாத்யாய திட்டமாக இருக்கலாம், 2014இல் தொடங்கியது. இதன் விதிகள் மற்றதைவிடக் கொஞ்சம் கறார். பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித்தர வேண்டும் என்பது நிபந்தனை. வேலைக்குப் போனபின் ஆரம்ப மாதங்களைச் சமாளிக்க மாதம் ஆயிரம் ரூபாய் வரும் ஏற்பாடும் அதில் வைத்தார்கள்: சொந்த மாவட்டத்துக்குள் என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் மூன்று, வெளி மாநிலம் என்றால் ஆறு. அந்த ஆயிரம் ரூபாய் சின்ன விஷயமாகத் தெரியும். வேலையை விட்டு ஓடிவருகிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் ஓடிவருகிறார்கள், காரணம் பெரும்பாலும் அறை வாடகையும் சாப்பாடும்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கிக்கொண்டு, ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்கிக்கொண்டு, கையில் நிற்கிற காசை எண்ணிப் பார்க்கிற பையனுக்கு ஊரில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு நூறுநாள் வேலைக்குப் போவதே தேவலை என்று தோன்றிவிடும். அவனைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் அந்த அறையில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும்.

எந்தத் திட்டம் என்பதை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ மகளிர் திட்ட அலுவலகத்திலோ அந்த மையத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம், சீருடைக் காசு, ‘திருப்பித் தரும் வைப்பு’ என்று ஏதாவது கேட்டால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். இலவசத் திட்டத்தில் காசு கேட்க இடமே இல்லை. அசல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

மையத்துக்கு மத்தியானம் மூன்று மணிவாக்கில் சொல்லாமல் போங்கள். காலையில் எல்லா மையமும் நன்றாகத்தான் இருக்கும். தையல் என்றால் நூல் கண்டு பாதி தீர்ந்திருக்கிறதா, எலக்ட்ரிகல் என்றால் பலகையில் வயர் கழற்றி மாட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்றுநரிடம் முன்னால் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் முக்கியமானது, முந்தைய பேட்சில் முடித்த நாலு பேருடைய போன் நம்பர் கேட்டு, மையத்துக்கு வெளியே வந்து நீங்களே பேசுங்கள். இப்போது எங்கே இருக்கிறாய், கையில் எவ்வளவு வருகிறது, அறை வாடகை எவ்வளவு, கம்பெனி ரோலா கான்ட்ராக்டா என்ற நாலு கேள்வி போதும். சுவரில் ஆஃபர் லெட்டர் வாங்குகிற படம் மாட்டியிருப்பார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம்பர் தர மாட்டோம் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் தம்பி விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், மூன்று மாதப் பயிற்சியை மூன்றாவது இடத்தில் வைப்பேன். முதலாவது அப்ரண்டிஸ். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் அறிவிப்பில் ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் உண்டு. வயது வரம்பு இருபதுகளின் தொடக்கத்தோடு முடிந்துவிடும், 21 வயதுக்காரன் ஒரு வருடத்தையும் விடக் கூடாது. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு இருப்பது கூடுதல் லாபம். இரண்டாவது, வருகிற சேர்க்கையில் அரசு ஐ.டி.ஐ. மே, ஜூன் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, ஆகவே 21 வயதில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று சொன்னால் கேட்காதீர்கள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் சேருமா என்று ஐ.டி.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். ஐ.டி.ஐ. முடித்தால் நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல் என்று அப்ரண்டிஸ் எடுக்கிற பெரிய இடங்கள் திறக்கும், நெய்வேலி உங்களுக்குத் தூரமும் இல்லை.

பி.காம். பாதியில் நின்றவன் என்கிறீர்கள். அவனுக்குக் கைவேலையில் மனசு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் மிக்ஸி பழுதானால் திருப்புளியை எடுக்கிற ஆளா, கடைக்குக் கொண்டுபோகிற ஆளா? இரண்டாவது ரகம் என்றால் ஃபிட்டரில் தள்ளாதீர்கள். கிடங்கு, கணக்கு, சரக்குப் போக்குவரத்து பக்கம் அப்ரண்டிஸ் இடங்கள் இருக்கின்றன, பாதி பி.காம். அங்கே வீண் போகாது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் அப்ரண்டிஸ் சேர்க்கை முகாம் அடுத்து எப்போது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு அசல் சான்றிதழ்களோடு நாலு செட் நகலும், ஆதாரும், வங்கிப் புத்தகமும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் அங்கேயே பேசி முடித்துவிடும்.